கணவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, நான் தடுப்பு மாத்திரை போட வேண்டுமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக: இவருக்கு வயது 31, கணவருக்கு 35. திருமணமாகி எட்டு மாதங்கள். கணவருக்கு ஆறு ஆண்டுகளாக எச்.ஐ.வி. இருக்கிறது. அதைத் திருமணத்துக்கு முன்பே அவர் இவரிடம் உட்கார்ந்து சொல்லிவிட்டார். எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை ஒன்றைத் தினமும் போடுகிறார். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வைரல் லோட் பரிசோதனையைக் கடைசியாகப் பார்த்தது 14 மாதங்களுக்கு முன்பு. "அப்போது நார்மல் என்று சொன்னார்களாம்" என்கிறார் வாசகி. அதன் பிறகு வேலை மாறி, நான்கு பேருடன் ஒரே அறையில் தங்க நேர்ந்தபோது, மற்றவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் கணவர் இரண்டு மாதம் மாத்திரையை விட்டிருக்கிறார். மீண்டும் தொடங்கி இப்போது பத்து மாதங்கள் ஆகின்றன.

தம்பதி ஆணுறை பயன்படுத்துகிறார்கள். மூன்று வாரங்களுக்கு முன்பு ஒருமுறை அது கிழிந்துவிட்டது. வாசகி இன்னும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் 'பிரெப்' மாத்திரை பற்றிப் படித்திருக்கிறார். போடலாமா என்று கேட்டால் கணவர், "நீ மாத்திரை போட்டால் என்னை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்?" என்கிறார். மாத்திரைச் செலவு சம்பளத்தில் நல்ல பங்கைத் தின்றுவிடும். இவருடைய அம்மா சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் இருக்கிறார். அதே கதி தனக்கும் வருமோ என்று பயம். மாமியார் உடன் இருக்கிறார், அவருக்கு எதுவும் தெரியாது. கணவரின் மாத்திரையில் பாதியைத் தான் போடலாமா, சேரும் நாளில் மட்டும் போட்டால் போதுமா, குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார். ஒரு வரிக்கு இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறார்: "ஒருமுறை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமாமே?"

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த அடிக்கோட்டு வரிக்கே முதல் பதில்: வேண்டாம். உங்கள் கணவர் போடுவது சிகிச்சை, அதை அவர் நிறுத்தக் கூடாது. நீங்கள் கேட்பது தடுப்பு. ஆபத்து இருக்கும் காலத்துக்குப் போட்டு, ஆபத்து நீங்கியதும் முறைப்படி நிறுத்திவிடலாம். வேண்டுமென்றால் பிறகு மறுபடியும் தொடங்கலாம். எச்.ஐ.வி. மருந்து என்றாலே ஆயுள் தண்டனை என்று நினைத்துக்கொண்டு, உண்மையிலேயே தேவைப்பட்ட எத்தனையோ பேர் இதைத் தொடாமலே இருந்துவிட்டார்கள். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதில் எனக்கு மகிழ்ச்சி.

மற்ற கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால் அவசரமான ஒன்று இருக்கிறது.

கிழிந்த ஆணுறையும் மூன்று வாரங்களும்

அன்றைக்கே தெரிந்திருந்தால், 'பெப்' என்ற அவசரத் தடுப்பு மருந்தைத் தொடங்கியிருக்கலாம். அதை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதே நாளில் தொடங்கி, 28 நாட்கள் விடாமல் போட வேண்டும். அந்த நேரம் இப்போது தாண்டிவிட்டது. அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிக்கு, சிகிச்சை தருபவர்கள் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. இனி இருவரும் நினைவில் வையுங்கள்: 72 மணி நேரம், 28 நாட்கள்.

இப்போது செய்ய வேண்டியது உங்கள் ரத்தப் பரிசோதனை. 'நான்காம் தலைமுறை' எச்.ஐ.வி. பரிசோதனை என்று கேட்டு, விரல் நுனியில் குத்தாமல் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் செய்யச் சொல்லுங்கள். தொற்று இருந்தால் 18 முதல் 45 நாட்களுக்குள் அது காட்டிக்கொடுக்கும். இன்று நெகட்டிவ் என்று வந்தால் நல்ல செய்தி. ஆனால் 45 நாள் தாண்டி இன்னொரு முறை பார்த்தால்தான் அந்தச் சம்பவத்தைப் பற்றிய கவலையை விட முடியும். இதற்கிடையே காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டுதல் என்று ஏதாவது வந்தால் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று விட்டுவிடாமல், நடந்ததைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

தடுப்பு மாத்திரை தொடங்கவும் இந்த நெகட்டிவ் ரிப்போர்ட் கட்டாயம். பிரெப் மாத்திரையில் இருப்பது இரண்டு மருந்துகள்: டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின். சில தயாரிப்புகளில் இரண்டாவதற்குப் பதில் லாமிவுடின் இருக்கும். வாசலில் நிற்கும் வைரஸை விரட்ட இந்த இரண்டும் போதும், ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட வைரஸை அடக்கப் போதாது. தெரியாமல் தொற்றோடு இதைப் போட்டுக்கொண்டிருந்தால், வைரஸ் அந்த மருந்துகளுக்குப் பழகிவிடும். பிறகு சிகிச்சைக்கு அவை உதவாமல் போகலாம். அதனால்தான் தொடங்கிய பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை.

'நார்மல்' என்ற சொல் போதாது

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 'நார்மல்' தான். வைரல் லோட் என்பது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை வைரஸ் பிரதிகள் இருக்கின்றன என்ற கணக்கு. அதில் நார்மல் என்று ஒன்று கிடையாது. 'கண்டறியப்படவில்லை' என்று வரலாம், 200-க்குக் கீழ் ஓர் எண் வரலாம், 40,000 என்றும் வரலாம். ரிப்போர்ட்டில் எண்ணும் தேதியும் இருக்கும். உங்கள் முடிவுக்கு வேண்டியவை அந்த இரண்டும்தான்.

ஏன் அவ்வளவு முக்கியம் என்கிறேன் என்றால், 2016-இல் முடிவுகள் வெளியான பார்ட்னர் ஆய்வில் உங்களைப் போன்ற 888 ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி., சிகிச்சையால் வைரஸ் அடங்கியிருக்கிறது, மற்றவருக்கு இல்லை, ஆணுறை பயன்படுத்தவில்லை. ஏறக்குறைய 58,000 முறை உறவு நடந்த பிறகும் துணையிடமிருந்து துணைக்குத் தொற்றியது ஒரு முறைகூட இல்லை. அதற்கு முன்பு, 2011-இல், 1,763 தம்பதிகளை வைத்து நடந்த இன்னொரு பெரிய ஆய்வு, சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. வைரல் லோட் கண்டறிய முடியாத அளவில் இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றும் ஆபத்து பூஜ்யம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

அதாவது, உங்கள் கணவர் தவறாமல் போடும் மாத்திரைதான் உங்களுக்கான முதல் தடுப்பு மருந்து. அது முழுமையாக வேலை செய்கிறது என்றால், நீங்கள் போடும் மாத்திரைக்குத் துடைப்பதற்கு ஆபத்து எதுவும் மிச்சமிருக்காது. வேலை செய்யவில்லை என்றால் உங்கள் மாத்திரைக்கு மதிப்பு மிக அதிகம். இரண்டில் எது உங்கள் நிலைமை என்பதை 14 மாதத்துக்கு முந்தைய, அதுவும் இடையில் இரண்டு மாதம் மருந்து விடுபட்ட ஒருவரின் பழைய ரிப்போர்ட்டால் சொல்ல முடியாது.

பத்து மாதமாக ஒழுங்காகப் போடுகிறார் என்றால் மறுபடி அடங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் விட்டுப் போட்ட காலத்தில் வைரஸ் மருந்துக்குப் பழகியிருந்தால், ஒழுங்காகப் போட்டும் எண் குறையாது. வைரல் லோட் 1,000-க்கு மேல் வந்தால், எந்த மருந்து கேட்கிறது, எது கேட்கவில்லை என்று காட்டும் எதிர்ப்புப் பரிசோதனை பற்றி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அவருடைய அந்த முடிவு உங்களுக்கும் தேவைப்படும். அவர் உடம்பில் இருக்கும் வைரஸ் டெனோஃபோவிருக்கே அடங்காததாக இருந்தால், அதே மருந்து உங்களைக் காப்பதும் குறையும்.

உங்களுக்கு 'எதிர்ப்பு சக்தி' இருக்கிறதா

"எட்டு மாதமாக ஒன்றும் ஆகவில்லை, எனக்கு இயற்கையாகவே எதிர்ப்பு சக்தி இருக்குமோ" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சிகிச்சையில் இல்லாத ஓர் ஆணிடமிருந்து பெண்ணுக்கு, பிறப்புறுப்பு வழி உறவில், ஒருமுறைக்கான ஆபத்து சராசரியாக 10,000-த்தில் 8. அதனால் பல முறை ஒன்றும் ஆகாமல் போவது இயல்புதான், அது உடம்பின் தனிச் சக்தி அல்ல. அதே எண்ணைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. அது ஒருமுறைக்கான கணக்கு. ஆண்டுக் கணக்கில் திரும்பத் திரும்பச் சேரும். வைரல் லோட் உச்சத்தில் இருந்தாலோ, புண் இருந்தாலோ, வேறு பால்வினை நோய் இருந்தாலோ பல மடங்கு ஏறும்.

உங்களைப் பொறுத்தவரை இந்த எட்டு மாதம் காத்தது ஆணுறையும், பெரும்பாலும் கணவரின் மாத்திரையும்தான்.

மாத்திரையின் பலம் எங்கே இருக்கிறது

தினமும் சரியாகப் போட்டால் உடலுறவு வழித் தொற்றைச் சுமார் 99 சதவீதம் தடுக்கும். இந்த எண்ணை எல்லோரும் சொல்வார்கள். நான் என்னிடம் வருபவர்களுக்குக் கூடவே சொல்வது வேறொரு ஆய்வு. ஆப்பிரிக்காவில் மூன்று நாடுகளில் 5,029 பெண்கள் கலந்துகொண்ட வாய்ஸ் ஆய்வு அது. "மாத்திரை போடுகிறீர்களா?" என்று கேட்டபோது பத்துக்கு ஒன்பது பங்கு போட்டதாகவே பதில் வந்தது. ரத்தத்தைச் சோதித்தால் மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில்கூட மருந்து இல்லை. கடைசியில் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் தொற்றில் வித்தியாசமே தெரியவில்லை. மருந்து தோற்கவில்லை, டப்பாவிலேயே இருந்துவிட்டது. அந்தப் பெண்களைப் பொய் சொன்னவர்கள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள், தன்னை நோயாளி என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்ற பயம் எவ்வளவு கனமானது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கணவர் இரண்டு மாதம் மாத்திரையை விட்டதும் அதே பயத்தால்தானே.

சேரும் நாளில் மட்டும் போடலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். நீங்கள் படித்திருப்பது உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்னால் இரண்டு மாத்திரை, பிறகு இரண்டு நாளும் ஒவ்வொன்று என்ற முறையாக இருக்கும். அது ஆண்களுக்கானது, முக்கியமாக ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் சோதிக்கப்பட்டது. மலக்குடல் திசுவில் சேரும் அளவுக்கு இந்த மருந்து பெண்ணின் பிறப்புறுப்புத் திசுவில் சேர்வதில்லை, சேரவும் நாளாகும். தொடங்கி 7 நாளில் பாதுகாப்பு வந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 21 நாள் என்கிறது. நான் 21 நாள் என்றே வைத்துக்கொள்ளச் சொல்வேன். நிறுத்தும்போதும் கடைசி உறவுக்குப் பிறகு குறைந்தது 7 நாட்கள் தொடர வேண்டும். பெண்களுக்கு மாத்திரை அடிக்கடி விடுபட்டால் கவசம் மெலிந்துவிடும். தினமும் போட முடியும் என்றால் தொடங்குங்கள்.

கணவரின் மாத்திரையில் பாதி வேண்டவே வேண்டாம். அவர் போடுவதில் பொதுவாக மூன்று மருந்துகள் இருக்கும். பாதியை உடைத்தால் அவருக்கும் அளவு குறையும், உங்களுக்கும் போதாது. அவருடைய வைரல் லோட் ஏறும், நீங்கள் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மிச்சம் பிடிக்கப் போய் இருவரும் இழப்பீர்கள்.

அம்மாவின் சிறுநீரகமும் உங்கள் சிறுநீரகமும்

டயாலிசிஸ் அறைக்கு வெளியே வாரக்கணக்கில் உட்கார்ந்தவருக்கு அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அம்மாவுக்குச் சிறுநீரகம் எதனால் கெட்டது என்று நீங்கள் எழுதவில்லை. நீண்ட காலச் சர்க்கரை நோயாலோ ரத்த அழுத்தத்தாலோ என்றால், அது உங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறைந்து கெட்டுப்போவது போன்ற பரம்பரை நோய் என்றால் உங்களுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. அம்மாவின் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அதில் காரணம் எழுதியிருக்கும்.

இந்த மாத்திரை போடுபவர்களில் சுமார் இருநூறில் ஒருவருக்கு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் ஏறலாம். பெரும்பாலும் லேசாகத்தான் ஏறும், நிறுத்தினால் இறங்கிவிடும். தொடங்கும் முன் கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டராவது இருக்கிறதா என்று மருத்துவர் கணக்கிடுவார். உங்கள் குடும்ப வரலாற்றை முன்னிட்டு, தொடங்கிய மூன்றாம் மாதம் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். உடம்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் நாமாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை இந்தக் காலத்தில் தவிருங்கள். அவையும் டெனோஃபோவிரும் சேரும்போதுதான் சிறுநீரகத்துக்குச் சுமை கூடுகிறது.

எலும்பின் அடர்த்தி ஒரு சதவீத அளவில் குறையலாம், நிறுத்திய பிறகு மீளும். முதல் மாதம் பத்தில் ஒருவருக்கு வாந்தி வரும் உணர்வு, தலைவலி, வயிறு உப்புசம் இருக்கும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் பலருக்கு இது தெரிவதே இல்லை.

யாரும் அதிகம் பேசாத, ஆனால் நான் விடாமல் கேட்கும் பரிசோதனை, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கானது. இதே மருந்துகள் அந்த வைரஸையும் அடக்கும். அது உடம்பில் இருப்பது தெரியாமல் பிரெப் போட்டுவிட்டு ஒரு நாள் சட்டென்று நிறுத்தினால், கல்லீரல் கடுமையாக வீங்கக்கூடும். இருந்தாலும் மாத்திரை போடலாம், நிறுத்துவதை மட்டும் மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும். இல்லை என்றால், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

செலவை எங்கே முதலில் போடுவது

மாத்திரை விலையை மட்டும் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனை, கிரியாட்டினின், மருத்துவர் கட்டணம், அதற்காக எடுக்கும் விடுப்பு, போக்குவரத்து எல்லாமே செலவுதான். ஒளித்து வைக்கும் மனச்சுமையும் ஒரு செலவு. அதற்கு எந்தப் பில்லும் வராது.

அதனால் முதல் செலவு உங்கள் கணவரின் வைரல் லோட்டாக இருக்கட்டும் என்பது என் கருத்து. அவர் சிகிச்சை பெறும் மையத்தில் அது இலவசமாகவே கிடைக்கக்கூடும். பிரெப் மாத்திரையையும் பல நாடுகளில் அரசின் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்கள் கட்டணமின்றித் தருகின்றன, தனியார் கடையில் விலை கேட்பதற்கு முன் அங்கே கேளுங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் ஜெனரிக் மாத்திரை போதும். அட்டையில் டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் 300 மில்லிகிராம், எம்ட்ரிசிடபின் 200 மில்லிகிராம் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். எண் கண்டறிய முடியாத அளவில் இருந்தால், ஆணுறையைத் தொடர்ந்து, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். இரண்டாவதும் அப்படியே வந்தால் உங்களுக்கு மாத்திரை தேவையில்லை என்று நான் தயங்காமல் சொல்வேன். எண் கூடுதலாக இருந்தால், உங்கள் பரிசோதனை நெகட்டிவ் ஆனதும் அன்றே தொடங்குங்கள், ஆணுறையையும் விடாதீர்கள், அவருடைய சிகிச்சை சீராகி ஆறு மாதம் அடங்கியிருக்கும் வரை தொடருங்கள். கென்யாவிலும் உகாண்டாவிலும் 1,013 தம்பதிகளுக்கு இப்படித்தான், துணையின் சிகிச்சை நிலைபெறும் வரை பாலமாக மாத்திரை கொடுத்தார்கள். எதிர்பார்த்ததை விடத் தொற்று 96 சதவீதம் குறைந்தது. அப்படிப் பார்த்தால் உங்கள் செலவு ஆயுள் செலவல்ல, சில மாதச் செலவு.

எண் நன்றாகவே இருந்தும் மனம் ஆறவில்லை, மாத்திரை போட்டால்தான் நிம்மதியாகத் தூங்குவேன் என்றால்? அதுவும் நியாயமான காரணம்தான். பயத்தோடு வாழ்வதை விட ஆறு மாதம் மாத்திரை போடுவது மேல். அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் உங்கள் இருவருக்குள் மட்டுமான உறவை வைத்துப் போட்டது. வேறு தொற்று வழி எதுவும் இருந்தால் கணவரின் எண் உங்களைக் காக்காது, மாத்திரைதான் காக்கும். சிஃபிலிஸ், கொனோரியா போன்ற நோய்களையும் கர்ப்பத்தையும் மாத்திரை தடுக்காது.

ஊசியாகவும் இப்போது தடுப்பு மருந்து வந்திருக்கிறது. கபோடெக்ராவிர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, லெனகாபாவிர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. லெனகாபாவிர் ஆய்வில் ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. மாத்திரையை வீட்டில் வைக்கவே முடியாதவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் எல்லா இடத்திலும் இன்னும் எளிதில் கிடைப்பதில்லை. சில மாதங்களே தேவைப்படக்கூடிய உங்களுக்கு மாத்திரையே பொருத்தம்.

குழந்தை

தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். அப்பாவின் விந்து வழியாகக் குழந்தைக்கு நேரடியாக வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படி வருவதில்லை. குழந்தைக்கு அம்மாவிடமிருந்துதான் வர முடியும். நீங்கள் நெகட்டிவாக இருக்கும் வரை குழந்தைக்கும் இல்லை. ஆகவே உங்களைக் காப்பதே குழந்தையைக் காப்பது. கணவரின் வைரஸ் ஆறு மாதம் அடங்கியிருப்பது உறுதியான பிறகு, ஆணுறை இல்லாமல் இயல்பாகவே முயற்சி செய்யலாம்.

இந்த ஒரு கட்டத்தில் மட்டும், எண் நன்றாக இருந்தாலும் மாத்திரையைக் கூடுதல் காப்பாக வைத்துக்கொள்ள விரும்பினால் நான் ஆதரிப்பேன். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலும் ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மற்ற காலத்தை விடக் கூடுகிறது. அப்போது புதிதாகத் தொற்றினால், தாயின் உடம்பில் வைரஸ் உச்சத்தில் இருக்கும், குழந்தைக்குப் போவதும் சுலபம். இந்த மாத்திரையைக் கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் போடலாம்.

"என்னை நம்பவில்லையா?"

அவர் மீது எனக்கு மரியாதை இருக்கிறது. திருமணத்துக்கு முன் உண்மையைச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அப்படிச் சொன்னவருக்கு, நீங்கள் மாத்திரை கேட்டதும் பழைய காயம் கிளறப்பட்டிருக்கும். 'நான் ஆபத்தானவன்' என்று அவருக்குக் கேட்டிருக்கும். அதனால் பேச்சை மாத்திரையில் தொடங்காமல், "உங்கள் வைரல் லோட் பார்த்து ரொம்ப நாளாச்சு, சேர்ந்து போய்ப் பார்த்துட்டு வரலாமா" என்று தொடங்குங்கள். அது அவருடைய உடம்புக்கும் தேவையானது. ரிப்போர்ட் நல்லபடி வந்தால், 'என்னால் இவளுக்கு ஆபத்தில்லை' என்ற நிம்மதி முதலில் அவருக்குத்தான்.

அவரிடம் சொல்லாமல் ரகசியமாகப் போடுவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் உடம்புக்கான மருந்துக்கு அவருடைய அனுமதி தேவையில்லை, மருத்துவரும் உங்களைக் கேட்காமல் அவரிடம் சொல்லக் கூடாது. அடிக்கும் கணவராக, ஆணுறையை மறுக்கும் கணவராக இருந்திருந்தால் ரகசியமாகவே போடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். நீங்கள் வரைந்து காட்டும் மனிதர் அப்படியானவராகத் தெரியவில்லை. அவரும் தினமும் ஒரு மாத்திரை போடுகிறார். இருவரும் ஒரே நேரத்தில், ஒரே தண்ணீர்ச் செம்பிலிருந்து போட்டால், ஒருவர் மறப்பதை மற்றவர் நினைவூட்டலாம். அவர் இன்னொரு முறை இரண்டு மாதம் விடாமல் இருக்க அதை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மாமியாரிடம் சொல்ல வேண்டிய கடமை உங்கள் இருவருக்குமே கிடையாது. டப்பாவைப் பற்றி ஒரு சின்ன விஷயம். என்னிடம் வரும் பெண்களில் சிலர் கைப்பையில் மாத்திரை குலுங்கும் சத்தம் கேட்காமல் இருக்க டப்பாவுக்குள் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். லேபிளைக் கிழித்துவிடுவார்கள். பஞ்சு வைக்கலாம். ஆனால் ஈரம் உறிஞ்சும் அந்தச் சின்னப் பொட்டலத்தை எடுத்துப் போட்டுவிடாதீர்கள், மாத்திரையை வேறு டப்பாவுக்கும் மாற்றாதீர்கள். ஈரம் பட்டால் மருந்து கெட்டுவிடும். லேபிளைக் கிழிப்பதற்கு முன் காலாவதித் தேதியை எங்காவது குறித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது கணவரின் சிகிச்சைப் புத்தகம், அந்த 14 மாதப் பழைய ரிப்போர்ட், அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரி, நீங்கள் வழக்கமாகப் போடும் மாத்திரைகளின் பட்டியல் நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்கு எச்.ஐ.வி., கிரியாட்டினின், ஹெபடைட்டிஸ் பி மூன்றும் ஒரே ரத்தத்தில் பார்த்துவிடலாம். அவருக்கு வைரல் லோட். ரிப்போர்ட் வந்ததும் மறுபடியும் எழுதுங்கள். 'நார்மல்' என்று எழுதாமல் எண்ணையும் தேதியையும் அப்படியே எழுதுங்கள், அதைப் பார்த்து மேற்கொண்டு சொல்கிறேன்.